கணினி மெதுவா, மெஷின் மெதுவா?

வீட்டிலோ பட்டறையின் ஒரு மூலையிலோ சொந்தமாக சிஎன்சி மில்லிங் மெஷின் கட்டியவர்களிடம் பேசிப் பாருங்கள். சட்டம் நிற்கிறது, மோட்டார் சுற்றுகிறது, ஸ்பிண்டில் பாடுகிறது. ஆனால் பெரிய ஃபைல் ஒன்றைப் போட்டால் மெஷின் திக்கித் திக்கி ஓடுகிறது என்பார்கள். உடனே அடுத்த கேள்வி: "கம்ப்யூட்டர் பழசு. ரேம் போடலாமா, இல்லை புதுசே வாங்கிடலாமா?" பெரும்பாலும் இரண்டுமே தேவைப்படாது. சில இடங்களில் புதுக் கணினி நிலைமையை இன்னும் மோசமாக்கவும் செய்யும்.

காரணம் இதுதான். ஸ்டெப்பர் மோட்டாருக்கு ஒவ்வொரு பல்ஸும் ஒரு அடி. உதாரணமாக 5 மி.மீ. லீட் உள்ள பால் ஸ்க்ரூ, ஒரு சுற்றுக்கு 1,600 பல்ஸ் என்று டிரைவரை அமைத்திருக்கிறீர்கள். நிமிடத்துக்கு 3,000 மி.மீ. வேகத்தில் ஓட, விநாடிக்கு 16,000 பல்ஸ் வேண்டும். ஒரு பல்ஸுக்கும் அடுத்ததற்கும் இடைவெளி 62.5 மைக்ரோ விநாடி. இதில் ஒரு பல்ஸ் 100 மைக்ரோ விநாடி தாமதமாக வந்தால் மோட்டார் குலுங்கும். அதிகமானால் அடி தவறி, ஜாப் பாழாகும். கணினி விநாடிக்கு எத்தனை கோடிக் கணக்குப் போடுகிறது என்பதை மோட்டார் கண்டுகொள்வதில்லை. சொன்ன நேரத்துக்கு வந்ததா என்பதுதான் அதற்கு முக்கியம். வேகம் ஒரு குணம், நேரந்தவறாமை வேறொரு குணம். கடையில் விற்கும் கணினிகள் முதல் குணத்துக்காகச் செய்யப்பட்டவை.

எனவே கேட்க வேண்டிய முதல் கேள்வி: உங்கள் மெஷினில் பல்ஸை உருவாக்குவது யார்?

பேரலல் போர்ட் வழியாக லினக்ஸ்சிஎன்சி அல்லது மாக்3 ஓட்டுகிறீர்கள் என்றால், பல்ஸை உருவாக்குவது கணினியேதான். அர்டுயினோவில் ஜிஆர்பிஎல் போட்டு யுஎஸ்பி கேபிளில் இணைத்திருந்தால், பல்ஸ் வேலை அந்தச் சின்ன போர்டுடையது. கணினி ஜி-கோட் வரிகளை ஊட்டிவிடும் ஆள் மட்டுமே. மெசா கார்டு, ஸ்மூத்ஸ்டெப்பர் போன்றவை நடுவில் நிற்பவை: பாதையைக் கணினி கணக்கிடும், பல்ஸை கார்டு அடிக்கும். மர வேலைக்கான ரூட்டர்களில் பார்க்கும் கையடக்க டிஎஸ்பி கன்ட்ரோலரில் பென் டிரைவைச் செருகி ஓட்டுபவருக்கு, மெஷின் ஓடும் நேரத்தில் கணினியே தேவையில்லை. அங்கே மெஷின் மெதுவாக இருந்தால் கணினியைத் திட்டிப் பயனில்லை.

யாருடைய வேலை என்று தெரிந்ததும், ஒரு சின்னச் சோதனை. கட்டரைக் கழற்றுங்கள், அல்லது ஸ்பிண்டிலை நன்றாக மேலே தூக்கி நிறுத்துங்கள். ஒரே ஒரு வரியைக் கையால் அனுப்புங்கள்: ஜி1 எக்ஸ்200 எஃப்1500. 200 மி.மீ. தூரம் நிமிடத்துக்கு 1,500 மி.மீ. வேகத்தில் ஓட 8 விநாடியும் கொஞ்சமும் ஆக வேண்டும். செல்போனில் நேரம் பாருங்கள். ஒற்றை வரி சரியான நேரத்தில் வழுக்கிக்கொண்டு ஓடி, பெரிய ஃபைலில் மட்டும் மெஷின் தவழ்கிறது என்றால் மோட்டார், டிரைவர், ஸ்க்ரூ மூன்றும் குற்றமற்றவை; பிரச்சினை வரிகள் வந்து சேரும் விதத்திலோ பாதைக் கணக்கிலோ இருக்கிறது. ஒற்றை வரியே மெதுவாக ஓடினால் வேறு இடத்தில் தேட வேண்டும். முதலில் திரையில் ஃபீடு ஓவர்ரைடு 100 சதவீதத்தில் இருக்கிறதா பாருங்கள். சிரிக்க வேண்டாம், முந்தைய ஜாபுக்காக 40-க்கு இறக்கிவிட்டு மறந்தவர்கள் நிறையப் பேர். அடுத்து ஜிஆர்பிஎல்லில் $110, $111, $112 ஆகிய அதிகபட்ச வேக அமைப்புகள். அங்கே 500 என்று இருந்தால் நீங்கள் எஃப்1500 என்று கேட்டாலும் 500-தான் கிடைக்கும். எந்த எச்சரிக்கையும் வராது.

இனி ஜிஆர்பிஎல் பக்கம். வீட்டு மெஷின்களில் பெரும்பாலானவை இதில்தான் ஓடுகின்றன, குழப்பமும் இங்கேதான் அதிகம்.

அர்டுயினோ ஊனோவில் இருக்கும் 16 மெகாஹெர்ட்ஸ் சில்லு, ஜிஆர்பிஎல்லின் கையில் விநாடிக்கு ஏறத்தாழ 30,000 பல்ஸ் வரை அடிக்கும். அதன் நினைவகம் மிகச் சிறியது. வரும் எழுத்துகளுக்கு 128 பைட் இடம். அதைத் தாண்டி, அடுத்து ஓட வேண்டிய அசைவுகளில் சுமார் 15-ஐ மட்டும் வரிசையில் வைத்துக்கொள்ளும். மரத்தில் பிள்ளையார் உருவம் செதுக்கும் ரிலீஃப் ஃபைலை எடுத்துக்கொள்வோம். லட்சக்கணக்கான வரிகள், ஒவ்வொன்றும் 0.1 மி.மீ. நீளமுள்ள துண்டுக் கோடு. நிமிடத்துக்கு 1,500 மி.மீ. ஓட வேண்டுமென்றால் விநாடிக்கு 250 வரி. 115200 பாட் வேகத்தில் கேபிள் விநாடிக்கு 11,520 எழுத்துகளைக் கடத்தும். வரிக்கு 22 எழுத்து என்று வைத்தாலும் 500 வரி போய்ச் சேரும். கேபிளில் இடமிருக்கிறது. பிறகேன் திக்குகிறது?

யார் யாருக்காகக் காத்திருக்கிறார்கள் என்பதை ஜிஆர்பிஎல்லிடமே கேட்கலாம். 1.1 பதிப்பில் $10-இன் மதிப்பை 3 ஆக்கிவிட்டு, ஃபைல் ஓடும்போது கேள்விக்குறியை அனுப்பினால் வரும் பதிலில் 'பிஎஃப்' என்று தொடங்கும் இரண்டு எண்கள் இருக்கும். முதல் எண், அசைவு வரிசையில் எத்தனை இடம் காலியாக இருக்கிறது என்பது. அது 15-ஐ ஒட்டியே நிற்கிறதா? அப்படியானால் போர்டு பட்டினி கிடக்கிறது. ஊட்டுகிற கணினியோ கேபிளோ மென்பொருளோதான் தாமதம். எண் 0, 1, 2 என்று தாழ்வாகவே இருக்கிறதா? வரிசை நிரம்பி வழிகிறது, கணினி தன் வேலையை ஒழுங்காகச் செய்கிறது. அப்போது 16 ஜிபி ரேம் போட்டாலும் ஒரு மி.மீ. கூட வேகம் கூடாது. எந்தக் கடைக்காரரிடமும் கேட்காமல், பத்து பைசா செலவில்லாமல் கிடைக்கும் தீர்ப்பு இது. சோதனை முடிந்ததும் $10-ஐப் பழைய மதிப்புக்கு மாற்றிவிடுங்கள்.

போர்டு பட்டினி கிடந்தால் முதலில் சந்தேகிக்க வேண்டியது அனுப்பும் முறை. ஒரு வரி அனுப்பி, 'ஓகே' என்ற பதில் வந்த பிறகே அடுத்ததை அனுப்பும் முறை ஒன்று உண்டு. பாதுகாப்பானது, ஆனால் மெதுவானது. போர்டின் 128 பைட் இடத்தை மனதில் வைத்து எழுத்துகளை எண்ணிக்கொண்டே, இடம் இருக்கும்வரை தொடர்ந்து அனுப்புவது இன்னொரு முறை. ரிலீஃப் வேலைக்கு இரண்டாவதுதான் சரி. முதல் முறையோடு எஃப்டிடிஐ சில்லு உள்ள யுஎஸ்பி இணைப்பும் சேர்ந்துவிட்டால் கதை கந்தல். அந்தச் சில்லு சிறிய பதில்களை உடனே அனுப்பாமல் சேர்த்து வைத்து அனுப்பும். விண்டோஸில் அந்தக் காத்திருப்பு இயல்பாக 16 மில்லி விநாடி. ஒவ்வொரு 'ஓகே'வுக்கும் 16 மில்லி விநாடி என்றால் விநாடிக்குச் சுமார் 60 வரி. 0.1 மி.மீ. துண்டுகளில் அது நிமிடத்துக்கு 360 மி.மீ. நீங்கள் கேட்டதோ 1,500. டிவைஸ் மேனேஜரில் அந்த காம் போர்ட்டின் அட்வான்ஸ்டு அமைப்புக்குள் போய் 'லேட்டன்சி டைமர்' என்பதை 1 ஆக்கினால் போதும். சிஎச்340 சில்லு உள்ள மலிவு போர்டுகளில் இந்த அமைப்பு இருக்காது; தேட வேண்டாம்.

அடுத்த சந்தேகம், திரையில் சுழன்றுகொண்டிருக்கும் முப்பரிமாணப் படம். கட்டர் எங்கே இருக்கிறது என்று வண்ணத்தில் காட்டும் அந்தக் காட்சி பார்க்க அழகுதான். பழைய ஆன்போர்டு கிராஃபிக்ஸ் உள்ள கணினியில், லட்சக்கணக்கான கோடுகளை மறுபடி மறுபடி வரைந்து அது மொத்த நேரத்தையும் தின்றுவிடும். ஓடும்போது அந்த ஜன்னலை மூடுங்கள். ஒரே நிமிடத்தில் வித்தியாசம் தெரிந்தால் நோய் அதுதான்.

இப்போது மறுபக்கம்: வரிசை நிரம்பியிருக்கிறது, ஆனாலும் மெஷின் தவழ்கிறது. இதைத்தான் பெரும்பாலோர் கணினியின் தலையில் கட்டுகிறார்கள். பனிமூட்டத்தில் வண்டி ஓட்டுகிறவர், கண்ணுக்குத் தெரியும் தூரத்துக்குள் நிறுத்த முடிகிற வேகத்தில்தான் போவார். ஜிஆர்பிஎல்லும் அப்படியே. அதற்குத் தெரிந்தது வரிசையில் உள்ள 15 துண்டுகள் மட்டும், தலா 0.1 மி.மீ. என்றால் 1.5 மி.மீ. அதற்கு அப்பால் என்ன வருகிறது என்று தெரியாததால், 1.5 மி.மீ. முடிவதற்குள் முழுதாக நிற்க முடிகிற வேகத்துக்கு மேல் அது போகாது. நிற்கும் திறனைத் தீர்மானிப்பது முடுக்க மதிப்பு. ஜிஆர்பிஎல்லின் பொதுவான ஆரம்ப மதிப்பு விநாடிக்கு விநாடி 10 மி.மீ. பள்ளியில் படித்த சூத்திரம்தான்: இரண்டை முடுக்கத்தாலும் தூரத்தாலும் பெருக்கி வர்க்கமூலம் எடுங்கள். 2 × 10 × 1.5 = 30; வர்க்கமூலம் சுமார் 5.5. அதாவது நிமிடத்துக்கு 330 மி.மீ. எவ்வளவு விலை உயர்ந்த கணினியை இணைத்தாலும் இதே 330-தான். முடுக்கத்தை 200 ஆக்கினால் அதே கணக்கில் உச்சவரம்பு ஏறத்தாழ 1,470 ஆகிவிடும்.

$120, $121, $122 என்ற மூன்று எண்களில்தான் இது இருக்கிறது. ஒரேயடியாக 200 போட்டுவிடாதீர்கள். கனமான இசட் அச்சும் மேஜையைச் சுமக்கும் அச்சும் அதைத் தாங்காமல் அடி தவறலாம். 50, 80, 120 என்று ஏற்றிக்கொண்டே போங்கள். ஒவ்வொரு தடவையும் டயல் கேஜை ஓரிடத்தில் முட்டவைத்து பூஜ்யம் செய்து, அச்சை முன்னும் பின்னும் பலமுறை வேகமாக ஓட்டி, திரும்ப அதே இடத்துக்குக் கொண்டுவாருங்கள். முள் பூஜ்யத்துக்குத் திரும்பவில்லை என்றால் எல்லை தாண்டிவிட்டது. அங்கிருந்து கால் பங்கு குறைத்து வைத்துக்கொள்ளுங்கள்.

துண்டுகளை நீளமாக்குவது இன்னொரு வழி. ஜி-கோட் எழுதித் தரும் கேம் மென்பொருளில் டாலரன்ஸ் 0.001 மி.மீ. என்று வைத்துவிட்டு, பேக்லாஷ் மட்டுமே 0.05 மி.மீ. இருக்கும் மெஷினில் ஓட்டுவதில் அர்த்தமில்லை. மர வேலைக்கு 0.02 அல்லது 0.03 தாராளம். வளைவுகளைத் துண்டுக் கோடுகளாக அல்லாமல் ஜி2, ஜி3 வில்களாக எழுதும் ஸ்மூத்திங் வசதியை இயக்கினால் தட்டையான வெட்டுகளில் வரிகளின் எண்ணிக்கை சடாரென்று இறங்கும். தசமத்துக்குப் பின் மூன்று இலக்கம் போதும். நான்காவது இலக்கம் கேபிளுக்குச் சுமை, உலோகத்துக்குத் தெரியாது.

கேம் பற்றிப் பேசும்போது ஃபியூஷன் 360-ஐ விட முடியாது. தனிநபர் இலவச உரிமத்தில் ஓட்டுபவர்களுக்கு 2020 அக்டோபரிலிருந்து ஜி0 என்ற அதிவேக நகர்வு கிடைப்பதில்லை. காற்றில் நகரும் தூரங்களும் வெட்டும் வேகத்திலேயே எழுதப்படுகின்றன. 'முன்பெல்லாம் சீக்கிரம் முடிந்த ஜாப் இப்போது இழுக்கிறது' என்று சொல்பவர்கள் கணினியைப் பிரித்துப் பார்ப்பதற்கு முன், ஃபைலை நோட்பேடில் திறந்து ஜி0 வரிகள் இருக்கின்றனவா என்று பார்க்கலாம். இது உரிமத்தின் வேகம், கணினியின் வேகமல்ல.

மைக்ரோஸ்டெப்பும் சத்தமில்லாமல் வேகத்தைத் தின்னும். டிரைவரில் 16 மைக்ரோஸ்டெப் வைத்தால் சுற்றுக்கு 3,200 பல்ஸ், 5 மி.மீ. ஸ்க்ரூவில் மி.மீ.க்கு 640. ஜிஆர்பிஎல்லின் 30,000-ஐ இதனால் வகுத்தால் நிமிடத்துக்குச் சுமார் 2,800 மி.மீ.தான் உச்சம். 25 கிலோஹெர்ட்ஸில் ஓடும் மாக்3-இல் 2,340. மைக்ரோஸ்டெப்பை 8-க்கு இறக்கினால் உச்சம் இரட்டிப்பாகும். ஒரு பல்ஸுக்கு அப்போதும் 0.003 மி.மீ.தான் நகரும். டிப் சுவிட்சை மாற்றும்போது மென்பொருளில் மி.மீ.க்கு எத்தனை பல்ஸ் என்பதையும் மாற்ற வேண்டும். மறந்தால் ஜாப் வேறு அளவில் வரும்.

பேரலல் போர்ட்காரர்களுக்கு வருவோம். சென்னை ரிச்சி தெரு மாதிரி இடங்களில் அலுவலகங்கள் கழித்த பழைய கணினிகளைத் தேடி வாங்குபவர்கள் இவர்கள், அதில் தவறில்லை. லினக்ஸ்சிஎன்சியில் 'லேட்டன்சி டெஸ்ட்' என்ற கருவி கூடவே வரும். அதை ஓடவிட்டு, கணினிக்கு வேண்டுமென்றே தொல்லை கொடுங்கள்: ஜன்னல்களை இழுத்து ஆட்டுங்கள், பெரிய ஃபைலைக் காப்பி செய்யுங்கள், பாட்டுப் போடுங்கள். அரைமணி நேரமாவது விடுங்கள். நானோ விநாடியில் வரும் 'மேக்ஸ் ஜிட்டர்' எண்தான் தீர்ப்பு. 20,000-க்குள் இருந்தால் அருமை. 30,000 முதல் 50,000 வரை ஓட்டலாம், வேகம் கொஞ்சம் ஏமாற்றும். 1,00,000-ஐத் தாண்டினால் அந்தக் கணினி பல்ஸ் அடிக்க லாயக்கில்லை. 10 லட்சத்தைத் தாண்டினால் கார்டு போட்டாலும் லினக்ஸ்சிஎன்சிக்கு அது ஆகாது.

எண் மோசமாக வந்தால் உடனே கைவிட வேண்டாம். பயாஸுக்குள் போய் ஸ்பீட்ஸ்டெப், சி-ஸ்டேட் போன்ற மின்சேமிப்பு வசதிகளையும் ஹைப்பர்த்ரெடிங்கையும் அணையுங்கள். தூங்கி எழுகிற ப்ராசசர் நேரத்துக்கு வராது. இரண்டு கோர் இருந்தால், பூட் வரியில் 'ஐசோல்சிபியூஸ்' என்ற அமைப்பின் மூலம் ஒன்றை மற்ற வேலைகளிலிருந்து ஒதுக்கி வைக்கலாம். ஆன்போர்டு கிராஃபிக்ஸுக்குப் பதில் பழைய கிராஃபிக்ஸ் கார்டு ஒன்றைச் செருகியதுமே எண் பாதியாகிற கணினிகளும் உண்டு. சில மதர்போர்டுகளில் இயங்குதளத்துக்கே தெரியாமல் பயாஸ் இடையில் புகுந்து ப்ராசசரைப் பிடுங்கிக்கொள்ளும். லினக்ஸ்சிஎன்சியின் கையேடு சொல்லும் ஒரு இன்டெல் போர்டு எப்போதும் ஒழுங்காக இருந்துவிட்டு, 64 விநாடிக்கு ஒருமுறை மட்டும் 300 மைக்ரோ விநாடி தாமதித்தது. அதனால்தான் சோதனையை அவசரமாக முடிக்கக் கூடாது. 'எதிர்பாராத ரியல்டைம் தாமதம்' என்ற எச்சரிக்கை வந்தால் அதை மூடிவிட்டு வேலையைத் தொடர்கிறவர்களுக்கு ஒரு தகவல்: மென்பொருளை ஒருமுறை திறந்தால் அது ஒரே ஒருமுறைதான் வரும். மறுபடி வரவில்லை என்பதால் தாமதம் நின்றுவிட்டது என்று பொருளில்லை.

மாக்3-இன் பேரலல் போர்ட் டிரைவர் 32 பிட் விண்டோஸில் மட்டுமே வேலை செய்யும். 64 பிட் விண்டோஸ் 10 உள்ள கணினியில் இதற்காக மல்லுக்கட்டுவது வீண். லேப்டாப்பும் வேண்டாம், மின்சேமிப்பு அதன் பிறவிக் குணம். கூடவே வரும் டிரைவர்டெஸ்ட் நிரல், பல்ஸ் சீராக வருகிறதா என்று காட்டும். கோடு ஆடினால் வைஃபை, ஆன்ட்டிவைரஸ், ஸ்கிரீன் சேவர் ஆகியவற்றை ஒவ்வொன்றாக அணைத்துப் பாருங்கள்.

லினக்ஸ்சிஎன்சி, மாக்3 இரண்டிலும் ஃபைலின் தொடக்கத்தில் ஜி61 இருக்கிறதா என்று பாருங்கள். ஒவ்வொரு புள்ளியையும் தொட்டே தீர வேண்டும் என்ற கட்டளை அது. குட்டித் துண்டுகளில் மெஷின் நடுங்கி நடுங்கி ஓடும். லினக்ஸ்சிஎன்சியில் அதற்குப் பதில் ஜி64 பி0.05 என்று எழுதினால், 0.05 மி.மீ. வரை மூலையை மழுக்கிக்கொண்டு வேகம் குறையாமல் போகலாம் என்ற அனுமதி கிடைக்கும். 'பி' இல்லாமல் வெறும் ஜி64 போட்டால் வேகத்துக்காக மூலைகளை எவ்வளவு வேண்டுமானாலும் உருட்டிவிடும், கவனம்.

விண்டோஸின் வழக்கமான வீட்டுவேலைகள் எல்லோருக்கும் தெரிந்தவை: பவர் பிளானை ஹை பெர்ஃபார்மன்ஸுக்கு மாற்றுவது, யுஎஸ்பி செலெக்டிவ் சஸ்பெண்டை அணைப்பது, ஜாப் ஓடும்போது அப்டேட் வராமல் தடுப்பது. டாஸ்க் மேனேஜரில் டிஸ்க் 100 சதவீதத்திலேயே நின்றால் மட்டும் எஸ்எஸ்டி வாங்குங்கள். அந்தக் காசு வீணாகாது.

தொடங்கி அரைமணி நேரம் நன்றாக ஓடி, பிறகு மட்டும் கணினி சோர்ந்தால் காரணம் சூடு. எம்டிஎஃப் தூள் ஹீட்சிங்கின் இடுக்குகளில் கம்பளி மாதிரி அடைத்துக்கொள்ளும். ப்ராசசர் தன்னைக் காத்துக்கொள்ள வேகத்தைக் குறைக்கும். ஃபேன் சுழலாமல் விரலால் பிடித்துக்கொண்டு காற்றடித்து ஊதிவிடுங்கள். அலுமினியம் வெட்டுபவர்களுக்கு ஆபத்து இன்னும் பெரிது. திறந்த கேபினட்டுக்குள் விழும் ஒரு சுருள் சிப் மதர்போர்டையே ஷார்ட் செய்துவிடும். கணினியை மெஷின் மேஜையிலிருந்து தள்ளி, மூடியோடு வையுங்கள்.

இத்தனையும் செய்து பேரலல் போர்ட் கணினி தேறவில்லை என்றால், பணத்தைக் கணினியில் போடாமல் பல்ஸ் அடிக்கும் போர்டில் போடுங்கள் என்பது என் கருத்து. ஈதர்நெட்டில் இணையும் மெசா கார்டோ, டீன்ஸியில் ஓடும் ஜிஆர்பிஎல்ஹாலோ, இஎஸ்பி32-இல் ஓடும் ஃபுளூயிட்என்சியோ வந்துவிட்டால் பல்ஸுக்காகக் கணினியை நம்பியிருக்க வேண்டியதில்லை.

ஒன்றை மட்டும் எந்தக் கணினியிடமும் ஒப்படைக்காதீர்கள்: அவசர நிறுத்தத்தை. திரை உறைந்து நிற்கும்போது திரையில் உள்ள 'ஸ்டாப்' பொத்தானும் உறைந்துதான் நிற்கும். கட்டர் மட்டும் ஓடிக்கொண்டிருக்கும். கணினி வழியாகப் போகாமல், கான்டாக்டர் மூலம் ஸ்பிண்டிலுக்கும் மோட்டார் டிரைவர்களுக்கும் போகும் மின்சாரத்தை நேரடியாக அறுக்கும் சிவப்புக் காளான் பொத்தான் ஒன்றைக் கை எட்டும் இடத்தில் பொருத்துங்கள். மேலே சொன்ன சோதனைகளைத் தொடங்கும் முன்பே அதை அழுத்திப் பார்த்துவிடுங்கள்.